எடைக்குப் போன எக்ஸ்சேஞ்ச்

சுவிட்ச் ரூம் வாசலில் சித்தப்பா செருப்பைக் கழற்றினார்.

உள்ளே ஏழெட்டுப் பேர் பூட்ஸ் காலோடு நடமாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஏணி மேல் நின்று கிரைண்டரால் எதையோ அறுக்க, பொறி தரையெல்லாம் தெறித்தது. தூசியில் விரலால் பெயர் எழுதலாம். "சித்தப்பா, ஆணி கீணி கிடக்கும், போட்டுக்கிட்டே வாங்க" என்றேன். "எக்ஸ்சேஞ்சுக்குள்ள செருப்பா?" என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போய்விட்டார். முப்பது வருஷப் பழக்கம். தூசி உள்ளே போனால் கார்டு போச்சு, கார்டு போனால் நூறு வீட்டு போன் போச்சு என்று அதிகாரி முதல் பெருக்க வருகிறவர் வரை எல்லோரும் செருப்பை வெளியே விட்ட அறை அது.

முதலில் நான் அங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். பழைய இயந்திரங்கள் வாங்கி விற்கும் சிநேகிதர் ஒருவர் எனக்கு இருக்கிறார். பழைய தொலைபேசி நிலையம் ஒன்றின் சாமான்களை அவர் மொத்தமாக எடுத்திருந்தார். இந்த மாதிரி அரசுச் சரக்கெல்லாம் இப்போது எம்.எஸ்.டி.சி. மாதிரியான இணைய ஏலத்தில்தான் போகிறது. முன்பணம் கட்டி, கம்ப்யூட்டரில் விலை கேட்டு, கிடைத்தால் "இருந்த இடத்தில் இருந்தபடியே" என்ற நிபந்தனையில் நாமே ஆள் வைத்துக் கழற்றி எடுத்துப் போக வேண்டும். எதில் என்ன உலோகம் என்று பார்த்துச் சொல்ல எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். எனக்குத் தெரிந்தது கை மண்ணளவு. அதனால் சித்தப்பாவைக் கூட்டிப் போனேன். அவர் தொலைபேசி டிபார்ட்மென்டில் லைன்மேனாகச் சேர்ந்து, கேபிள், எம்.டி.எஃப்., பேட்டரி ரூம் என்று எல்லா இடத்திலும் கை வைத்தவர்.

எந்த நிலையம் என்று சொல்லப்போவதில்லை. அம்பத்தூர் பக்கம், அவ்வளவுதான். ஓ.டி.யா, எஸ்டேட்டா, அதற்கும் அப்பாலா என்று கேட்காதீர்கள். (வெளியூர்க்காரர்களுக்கு: அம்பத்தூர் ஓ.டி. என்றால் ஓல்டு டவுன். இத்தனை தொழிற்சாலை இருக்கிற ஊரில் ஓ.டி. என்றால் ஓவர்டைம் என்று நினைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.)

இந்த ஊருக்கும் தொலைபேசிக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-லேயே இங்கே வந்தது. 1964-ல் தொழிற்பேட்டை வந்தது. அதற்குப் பிறகு லேத் போட்டவர், அச்சு வார்த்தவர், ஸ்பிரிங் சுருட்டியவர் என்று ஆயிரக்கணக்கில் சின்னப் பட்டறைகள். அவர்களுக்கெல்லாம் போன்தான் உயிர். பாடியிலிருக்கும் பெரிய கம்பெனி "நாளைக்கு ஐந்நூறு பீஸ் வேணும்" என்று சொல்ல வேறு வழி கிடையாது. எஸ்டேட் கம்பெனிகளின் லெட்டர்ஹெட்டில் 625 என்று ஆரம்பிக்கும் எண்கள் இருக்கும். பிறகு முன்னால் ஒரு 2 ஒட்டிக்கொண்டு 2625 ஆனது. எண்ணை வைத்தே ஆள் எந்தப் பேட்டைக்காரர் என்று சொல்லிவிடலாம். செல்போன் எண்ணில் அந்த வாசனை இல்லை.

எங்கள் வீட்டுக்கு போன் வந்தது 1993-ல். அப்பா விண்ணப்பம் போட்டபோது நான் மூன்றாம் வகுப்பு. மணி அடித்தபோது கல்லூரியில் இருந்தேன். நடுவில் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் போன். அந்த வீட்டு மாமி ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தால் நல்ல சேதியா கெட்ட சேதியா என்று அம்மாவுக்கு வயிற்றைக் கலக்கும்.

சரி, கதைக்கு வருகிறேன்.

சிநேகிதரின் ஆட்கள் முதலில் செய்யப் பார்த்தது பேட்டரியில் கை வைப்பதுதான். ஈயத்துக்கு நல்ல விலை; பேட்டரியைத்தான் முதலில் ஏற்ற வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஒரு பையன் நீளமான ஸ்பேனரோடு போனான். சித்தப்பா போட்ட சத்தத்தில் பையன் அப்படியே நின்றுவிட்டான்.

"கையில என்ன அது, செம்புக் காப்பா? கழட்டு. மோதிரம்? கழட்டு. ஸ்பேனர்ல டேப் சுத்து, பிடி வரைக்கும்."

"ஈ.பி. கரண்ட்தான் கட் பண்ணியாச்சே பெரியவரே."

"ஈ.பி. போனாலும் எக்ஸ்சேஞ்ச் நிக்கக் கூடாதுன்னுதான்டா பேட்டரியே வெச்சிருக்கு!"

அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரைக் கூட்டிப் போனது தகும். மின்தடை ஊரில் எத்தனை மணி நேரம் இருந்தாலும் அந்தக் கால போன் வேலை செய்ததே, ஞாபகம் இருக்கிறதா? வீட்டு போனுக்கு வேண்டிய மின்சாரம் அந்தச் செம்புக் கம்பி வழியாகவே இங்கிருந்து வந்தது. ஒரு செல்லுக்கு 2 வோல்ட். அப்படி 24 செல்லைச் சங்கிலியாகக் கோத்தால் 48 வோல்ட். தொடர்ந்து சார்ஜ் ஆகிக்கொண்டே இருக்கும். கரண்ட் போனால் ஒரு நொடிகூடத் தவறாமல் பாரம் தாங்கும். இன்னும் நேரமானால் பின்கட்டில் டீசல் ஜெனரேட்டர்.

48 வோல்ட் ஆளைக் கடிக்காது. ஆனால் பேட்டரியின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஸ்பேனர் விழுந்தால் பாயும் ஆம்பியர் இரும்பை உருக்கிவிடும். கையில் காப்பு இருந்தால் காப்போடு கையும் வேகும். "48 சாது. மணி அடிக்கறதுக்கு அனுப்புவோமே, 75 வோல்ட், அதுதான் சுருக்குனு கடிக்கும். கம்பத்து மேல நான் கம்பிய வாயில கடிச்சுக்கிட்டு இருந்தப்ப எவனோ ஒருத்தன் அந்த வீட்டுக்கு போன் பண்ணிட்டான்" என்றார் சித்தப்பா. பையன்கள் சிரித்தார்கள். காப்பும் மோதிரமும் சட்டைப் பைக்குள் போயின.

இன்னொன்றும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். தொலைபேசி நிலையத்தில் பேட்டரியின் பாசிடிவ் பக்கத்தைத்தான் பூமியில் இறக்குவார்கள். கார், பைக்கில் எல்லாம் நேர்மாறு. அதனால் வெளியே போகிற கம்பி பூமியைவிட மைனஸ் 48 வோல்ட்டில் இருக்கும். ஏன்? மண்ணுக்குள் ஈரம் பட்ட கேபிளில் மின்சாரம் கசியத்தான் செய்யும். கம்பி பாசிடிவாக இருந்தால் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மண்ணோடு போய்விடும். நெகடிவாக இருந்தால் கரையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தந்திக்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். அம்பத்தூர் ஏரித்தண்ணீர் ஊறின மண்ணில் நம் வீட்டு போன் இருபது வருஷம் பேசியது அந்த மைனஸ் குறியின் புண்ணியம்.

பேட்டரியைக் கழற்ற அரை நாள் ஆனது. ஒரு செல்லை நகர்த்த இரண்டு பேர் வேண்டும். அதைக் கண்ட இடத்தில் உடைக்கவும் கூடாது. பேட்டரிக் கழிவுக்கென்று 2022-ல் தனி விதிகள் வந்துவிட்டன. பதிவு பெற்ற இடத்துக்குத்தான் போக வேண்டும். சிநேகிதர் அந்த விஷயத்தில் ஒழுங்கானவர். எல்லோரும் அப்படி என்று சொல்ல மாட்டேன். ராத்திரியில் ஏரிக்கரையோரம் கேபிள் கொளுத்துகிற புகை மூக்கில் ஏறாத புறநகர்க்காரர் உண்டா?

அடுத்தது சுவிட்ச். பெரிய பெரிய ரேக்குகள், அதற்குள் வரிசையாகச் செருகிய கார்டுகள். மனசு சங்கடப்பட்டது இங்கேதான்.

சி-டாட் என்ற பெயர் உங்களில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்? 1984-ல் தொடங்கிய அரசு ஆராய்ச்சி நிறுவனம். சாம் பிட்ரோடா, மீமாம்சி ஆகியோர் இளம் என்ஜினியர்களைச் சேர்த்துக்கொண்டு 36 மாதம், 36 கோடி ரூபாய் என்று கெடு வைத்து இறங்கினார்கள். வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகள் குளுகுளு அறை இல்லாவிட்டால் படுத்துக்கொள்ளும். நம் கிராமத்துக் கட்டடத்தில், ஏ.சி. இல்லாமல், நம் வெயிலையும் தூசியையும் தாங்கி ஓட வேண்டும் என்று இவர்கள் ஒரு சின்ன எக்ஸ்சேஞ்ச் செய்தார்கள். 1986-ல் கர்நாடகத்துக் கித்தூரில் முதலாவது பொருத்தப்பட்டது. அதிலிருந்து படிப்படியாகப் பெரிய மாடல்கள். கடைத்தெருவில் மஞ்சள் போர்டு மாட்டிய எஸ்.டி.டி. பூத்துகள் முளைத்ததற்குப் பின்னால் இந்த வேலையெல்லாம் இருந்தது. இன்னொரு பக்கம் பிரான்ஸ் நாட்டுத் தொழில்நுட்பத்தில் உத்தரப் பிரதேசத்து மன்காப்பூரில் ஐ.டி.ஐ. (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்) செய்த இ-10-பி எக்ஸ்சேஞ்ச். சித்தப்பா இரண்டோடும் குடித்தனம் நடத்தியவர்.

அந்தக் கார்டுகளுக்கு என்ன விலை தெரியுமா? கலப்பு எலெக்ட்ரானிக் கழிவு, கிலோ கணக்கு. கார்டு செருகுகிற விளிம்பில் பூசிய தங்கம் எத்தனை மைக்ரான் என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் ஏறும், இறங்கும். ஒரு தலைமுறை மண்டையை உடைத்துக்கொண்ட பகுதிக்குத்தான் லாட்டில் மட்டமான விலை. ஒன்றும் அறியாமல் மண்ணுக்குள் கிடந்த செம்புக்கு ராஜ மரியாதை. சிநேகிதரைக் குறை சொல்லவில்லை. அவர் பணம் போட்டிருக்கிறார். நானும் அன்றைக்குக் கார்டுகளைப் பிடுங்கிச் சாக்கில் போட்டவன்தான்.

சித்தப்பா அதற்காகக் கண் கலங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. "இது வந்தப்ப ஸ்ட்ரௌஜரை இப்படித்தான் வெட்டி எடுத்தோம். நானே வெட்டினேன்" என்றார்.

ஸ்ட்ரௌஜர் என்பது டிஜிட்டலுக்கு முந்தைய இயந்திர எக்ஸ்சேஞ்ச். நீங்கள் டயலைச் சுற்றினால், அங்கே உங்களுக்கென்று ஒரு கை, எண்ணுக்குத் தகுந்தபடி டக் டக் என்று படியேறி, பக்கவாட்டில் திரும்பி, அடுத்தவர் கம்பியைத் தொடும். பத்துப் படி, படிக்குப் பத்து இடம். இதைக் கண்டுபிடித்த ஸ்ட்ரௌஜர் அமெரிக்காவில் சவப்பெட்டித் தொழில் செய்தவர். போட்டிக் கடைக்காரருக்கு வேண்டிய ஆபரேட்டர் தனக்கு வரும் அழைப்பை அங்கே திருப்பிவிடுகிறார் என்ற ஆத்திரத்தில் ஆபரேட்டரே வேண்டாத எக்ஸ்சேஞ்சைச் செய்தார் என்பது தொலைபேசிக்காரர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. காப்புரிமை 1891. சித்தப்பா சேர்ந்த புதிதில் வேலை பார்த்த இடத்தில் இந்த ஜாதிதான். "காலைல பத்து மணிக்கு உள்ள போனா ஓட்டுக் கூரை மேல ஆலங்கட்டி மழை பெய்யற மாதிரி இருக்கும். திடீர்னு ராத்திரில மொத்தமா மழை பிடிச்சா, ஊர்ல ஏதோ நடந்துடுச்சுன்னு அர்த்தம். எம்.ஜி.ஆர். போன அன்னிக்கு அப்படித்தான்." டிஜிட்டல் வந்த பிறகு அறை ஊமையாகிவிட்டதாம். ஏ.சி. சத்தம் மட்டும்.

மூன்றாம் நாள் எம்.டி.எஃப். என்கிற மெயின் டிஸ்ட்ரிபியூஷன் ஃபிரேம்.

நீளமான இரும்புச் சட்டம். ஒரு முகத்தில் தெருவிலிருந்து வருகிற கேபிளின் ஜோடிகள் செங்குத்தாக ஏறி நிற்கும். மறுமுகத்தில் எக்ஸ்சேஞ்சின் எண்கள் கிடைமட்டமாக. இரண்டுக்கும் நடுவே முறுக்கின மெல்லிய ஜம்பர் கம்பி. சித்தப்பா பாஷையில் சொன்னால்: "ஒரு பக்கம் உங்க வீட்டு ஒயர், ஒரு பக்கம் உங்க நம்பர். கல்யாணம் பண்ணி வைக்கறது ஜம்பர்." அதே எக்ஸ்சேஞ்ச் எல்லைக்குள் வீடு மாறினால் எண் மாறாமல் இருந்ததன் ரகசியம் இதுதான். ஜம்பரை ஒரு இடத்தில் பிடுங்கி இன்னொரு இடத்தில் போடுவார்கள், அவ்வளவே. இணைப்பு வேண்டாம் என்று சரண்டர் செய்தவர்களின் ஜம்பரை எடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். எந்த ஊரிலும் யாரும் முழுசாக எடுத்ததில்லை. புதிது போடத்தான் ஆள் பறப்பார்கள். பழையதை உருவ யாருக்கு நேரம்? அதனால் வருஷா வருஷம் செத்த ஜம்பர் சேர்ந்து, தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி அடைத்துக்கொண்டு நின்றது.

எனக்கு ஓர் ஆசை வந்தது. எங்கள் வீட்டு இணைப்பை அம்மா போன பிறகு சரண்டர் செய்தோம். அந்த ஜம்பர் இன்னும் இதற்குள் இருந்தால்?

"கண்டுபிடிக்கலாமா சித்தப்பா?"

"ரெஜிஸ்டர் இருந்தா ரெண்டு நிமிஷம்."

ரெஜிஸ்டர் இல்லை. நாங்கள் வருவதற்கு முன்பே பேப்பர்காரர் வந்து போயிருக்கிறார். லெட்ஜர், டாக்கெட், டைரக்டரி எல்லாம் பழைய பேப்பர் கணக்கில் போய், இந்நேரம் எங்கோ அட்டைப்பெட்டியாகியிருக்கும். முதலில் பேப்பர் போவதுதான் வழக்கமாம். எடுப்பது சுலபம், ஏலம் வேண்டாம்.

சித்தப்பா அப்போதுதான் ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். பேட்டரிக்கு உட்காராதவர், கார்டுக்கு உட்காராதவர். கொஞ்ச நேரம் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெள்ளை நீலம், வெள்ளை ஆரஞ்சு, வெள்ளை பச்சை, வெள்ளை பிரவுன், வெள்ளை சிலேட்டு. சிவப்பு நீலம்..." என்று கேபிள் நிறங்களை வாய்ப்பாடு மாதிரி முணுமுணுத்தார். ஜோடி எது என்று கண்ணால் சொல்லிவிடுவார். அது யார் வீடு என்பதற்கு நிறம் கிடையாதே. அந்தப் பேப்பர் போன அன்றைக்கே எக்ஸ்சேஞ்ச் முடிந்துவிட்டது என்று எனக்குப் பட்டது. நாங்கள் மூன்று நாளாகக் கழற்றியது வெறும் செம்பும் ஈயமும் இரும்பும்தான். எந்தக் கம்பி டாக்டர் வீடு, எது ரேஷன் கடை, எது ராத்திரிப் பன்னிரண்டு மணிக்கு துபாய் அழைப்பு வருகிற வீடு என்று தெரிந்திருந்த வரைக்கும்தான் அது எக்ஸ்சேஞ்ச்.

ஒரு ஆசைக்கு, கூட்டுக்குள் கைவிட்டு வந்த ஜம்பரில் ஒரு முழம் வெட்டிக்கொண்டேன். யார் வீட்டுக் கல்யாணமோ.

கீழே கேபிள் சேம்பர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முழங்கால் தண்ணீர், மோட்டார் வைத்து இறைத்தோம். சுவரில் துளைகள், ஒவ்வொன்றிலிருந்தும் தொடை பருமன் கேபிள். பழைய ரகத்தில் கம்பிக்குக் காகிதம் சுற்றி மேலே ஈய உறை. ஈரம் நுழையாமலிருக்க உலர்ந்த காற்றைப் பம்ப் செய்து அழுத்தத்திலேயே வைத்திருப்பார்கள். புது ரகத்தில் உள்ளே பிசின் மாதிரி ஜெல்லி. அறுத்தால் கை ஒரு வாரத்துக்குப் பிசுபிசுக்கும். சிநேகிதர் எடுத்த லாட் சுவரோடு முடிகிறது. வெட்டிய வாயை அடைத்துவிட்டு வந்துவிட்டோம். வெளியே எம்.டி.எச். ரோட்டுப் பக்கத்துக்கும் உள்தெருக்களுக்கும் போகிற மிச்சம் மண்ணுக்குள்ளேயே கிடக்கிறது. மழைநீர் வடிகால் தோண்டுகிறவர் மண்வெட்டியில் அவ்வப்போது கறுப்பாக வால் நீட்டும்.

விருப்ப ஓய்வு வந்தபோது, 2020 ஜனவரி 31 அன்று, நாடு முழுக்க பி.எஸ்.என்.எல்.லில் சுமார் 78,500 பேர் ஒரே நாளில் வீட்டுக்குப் போனார்கள். சித்தப்பாவும் அதில் ஒருவர். "அன்னிக்கு எங்களை வழியனுப்பக்கூட ஆள் இல்லை. வழியனுப்ப வேண்டியவனும் எங்களோட கிளம்பறான்" என்பார். மிச்சமிருந்த வாடிக்கையாளர்கள் ஃபைபருக்குப் போனார்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் போகாது. வீட்டில் கரண்ட் போனால் போனும் போச்சு. நூறு பேர் செருப்பு கழற்றிய அறையின் வேலையை இப்போது பீரோ அளவுப் பெட்டி செய்கிறது.

கடைசி லாரிக்குப் பின்னாலேயே என் பைக்கில் வே பிரிட்ஜ் வரை போனோம். எஸ்டேட் வழி. பட்டறைகள் இருந்த மனைகளில் இப்போது ஜன்னலில்லாத பெரிய கட்டடங்கள். தரவு மையங்கள். 2023-ல் என்.டி.டி. நிறுவனம் இங்கே ஒன்று திறந்தது. மிஸ்ட் என்ற கடலடிக் கேபிளோடும் அதற்குத் தொடர்பு. சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார். "உள்ள பேட்டரி ரூம் இருக்குமா?" என்றார். "கண்டிப்பா இருக்கும்" என்றேன். "ஏ.சி.?" "அதுதான் முக்கியச் செலவே." திருப்தியாகத் தலையாட்டினார். "அப்ப நம்ம ஆளுங்கதான்."

வே பிரிட்ஜில் இறங்கும்போதுதான் கவனித்தேன். வெறுங்காலில் நின்றுகொண்டிருந்தார்.

"செருப்பு எங்க சித்தப்பா?"

சுவிட்ச் ரூம் வாசலில் விட்டதுதான். கடைசியாகப் பெருக்கி அள்ளிய பையன் கேபிள் துண்டோடு சேர்த்துச் சாக்கில் போட்டுவிட்டிருக்கிறான். சாக்கு லாரியில். லாரி தராசின் மேல். போன் செய்தேன், முப்பது சாக்கில் எது என்று அவனுக்கும் தெரியவில்லை.

சூடான தாரில் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டே எடை காட்டும் சிவப்பு எண்களைப் பார்த்தார் சித்தப்பா. "உன் சிநேகிதன்கிட்ட சொல்லு. இதுல அரைக்கிலோ என்னோடது."